என் கீபோர்டின் மறுபாதி

நாங்குநேரிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடை விழா. இரண்டாவது பாட்டின் சரணத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. தெரு முழுக்க இருட்டு. அந்த இருட்டில் முதலில் காதில் விழுந்தது தபேலா. வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் நிறுத்தவே இல்லை. அடுத்து பாடகியின் குரல். மைக் இல்லாததால் மெல்லிசாகத்தான் கேட்டது, ஆனால் சுருதி விலகவில்லை. புல்லாங்குழல்காரரும் சேர்ந்துகொண்டார். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். என் விரல்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. என் பக்கத்திலிருந்து வந்ததோ பிளாஸ்டிக் கட்டைகள் அடியில் போய் இடிக்கும் சத்தம் மட்டும். டப், டப், டப்.

ஒரு நிமிஷம்கூட இருக்காது, கரண்ட் வந்துவிட்டது. மற்றவர்கள் அப்படியே தொடர்ந்தார்கள். நான் மட்டும் கீபோர்டுக்கு உயிர் வரட்டும் என்று காத்து நின்றேன். அப்போது வைத்திருந்தது ஒர்க்ஸ்டேஷன் என்கிற பெரிய வகைக் கீபோர்டு. சுவிட்சைப் போட்டால் உள்ளே எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

அன்றைக்கு ஒன்று விளங்கியது. தபேலா, வயலின், குழல், தொண்டை எல்லாவற்றிலும் சத்தம் பிறக்கும் இடம் வாசிப்பவரிடமே இருக்கிறது. கீபோர்டில் அப்படி இல்லை. என் விரல் பட்டதும் அதிலிருந்து கிளம்புவது வெறும் மின்சாரம். அது சத்தமாக மாறுவது நாற்பது அடி தள்ளி, வேறொருவருக்குச் சொந்தமான பாக்ஸில், இன்னொருவர் கை வைத்திருக்கும் மிக்சர் வழியாக. ஆக, என் கருவியில் பாதிதான் என்னிடம் இருக்கிறது. மறுபாதி சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இருக்கிறது. எந்தக் கீபோர்டு வாங்குவது, எந்த டோனை, அதாவது எந்தக் கருவியின் ஒலியை எடுப்பது, கச்சேரிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது, எல்லாவற்றையும் அந்த மறுபாதியை மனதில் வைத்தே முடிவு செய்யப் பழகிவிட்டேன்.

அந்த நாங்குநேரிக் கச்சேரி முடிந்த வாரமே கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் இன்றைக்கும் அது இருக்கிறது. கரண்ட் போனால் கீபோர்டு அணையாது. பாக்ஸ் எல்லாம் ஊமையாகத்தான் இருக்கும், ஆனால் ஜெனரேட்டர் திரும்பிய நொடியில் நானும் பாட்டோடு இருப்பேன்.

நான் முதலில் கட்டை தொட்டது பாளையங்கோட்டையில், சர்ச்சில். எங்கள் பக்கம் கீபோர்டு வாசிப்பவர்களை விசாரித்துப் பாருங்கள், பலரும் ஏதோ ஒரு பாடகர் குழுவிலிருந்து வந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாமாலையும் கீர்த்தனையும் வாசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை இரவு சுடலைமாடன் கொடையில் சினிமாப் பாட்டு வாசிப்பது எங்களுக்குப் புதிதல்ல. பாடகர் குழுவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஐயா ஆர்மோனியத்தில்தான் ஆரம்பித்துவைத்தார். ஆர்மோனியத்துக்குக் காற்று போதும்.

அப்புறம் ட்ரூப்பில் சேர்ந்தபோது எங்கள் மூத்த கீபோர்டுக்காரரிடம் யமஹா டிஎக்ஸ்7 இருந்தது. 1983-இல் வெளிவந்த கருவி. 14 கிலோ எடை. பஸ் மேலே ஏற்றுவதற்கு நான்தான் கை கொடுப்பேன். அதில் பதிவு செய்த ஒலி ஒன்றும் கிடையாது. ஓர் அலையை வைத்து இன்னோர் அலையை ஆட்டி ஒலி உண்டாக்குகிற எஃப்எம் முறை. 1988-இல் கோர்க் எம்1 வந்தபிறகு நிஜமான பியானோவையும் நிஜமான குழலையும் பதிவு செய்து உள்ளே வைப்பது பெருவழக்காகிவிட்டது. நானும் அந்தப் பக்கம்தான் போனேன். ஹெட்போனில் கேட்டால் டிஎக்ஸ்7-இன் பியானோ கண்ணாடியில் தட்டியதுபோல இருக்கும்; புதிதாக வந்தவற்றில் உள்ளது பியானோ போலவே இருக்கும். ஆனால் கொடை மேடையில் அண்ணன் டிஎக்ஸ்7-இல் ஒரு மணி அடித்தால் தெருக்கோடி வரை அந்த மணி போகும். நான் வாசிக்கிற நிஜப் பியானோ பக்கத்துத் தெருவுக்குப் போவதற்குள் கரைந்துவிடும். அது ஏன் என்று கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் ஆனது.

கண்டுபிடித்தது குழாய் ஸ்பீக்கர் வழியாக. கொடை நடக்கிற ஊரில் மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய பாக்ஸ்கள் இருக்கும், சரி. ஆனால் ஊரில் பாதிப் பேர் கேட்பது அதை அல்ல. தெருவில் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கிற குழாயைத்தான். ஒரு தடவை அக்கா மகனை என் இடத்தில் நிறுத்தி, நான் வாசிக்கிற அதே டோன்களில் வாசிக்கச் சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கி நடந்தேன். முதல் குழாய்க்குக் கீழே நின்றபோது பியானோவின் இடதுகைப் பகுதி முழுவதும் காணோம். குழாய்க்கு அடிக்குரல் வராது; அதன் உடம்பு அவ்வளவுதான். இரண்டாவது குழாய்க்கு வரும்போது ஸ்டிரிங்ஸ் வெறும் இரைச்சலாக மாறியிருந்தது. டீக்கடை வாசலில் இருந்த மூன்றாவது குழாயில் கேட்டது மொத்தமே மூன்று: பாடகரின் குரல், டோலக்கின் மேல்முனை, குழல் டோனில் அவன் வாசித்த ஒற்றை வரி.

டீக்கடையில் இருந்தவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பாட்டு முழுதாகவே போய்ச் சேர்ந்திருந்தது. என் பத்து விரலில் போய்ச் சேர்ந்தது ஒன்றுதான்.

அன்று முதல் கீபோர்டில் இரண்டு வரிசை டோன் வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பெயர் ‘குழாய்’, மற்றொன்றுக்கு ‘மண்டபம்’. குழாய் வரிசையில் எல்லாம் மெலிந்தவை: அக்கார்டியன், குழல், மணி, எஃப்எம் பியானோ, நறுக்கென்று தொடங்குகிற பிராஸ். ஸ்டிரிங்ஸ் வேண்டுமென்றால் நாலு சுரம் சேர்த்துப் பிடிக்காமல் இரண்டு மட்டும், அதுவும் மேல் ஸ்தாயியில். அடிப்பகுதியைப் பேஸ் கிட்டார்காரருக்கே விட்டுவிடுவேன். டிஎக்ஸ்7 மணி ஏன் தெருக்கோடி வரை போனது என்று அதற்குப் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழாய் எந்தப் பகுதியைத் தாங்குமோ, அந்தப் பகுதியிலேயே அதன் உயிர் இருந்தது.

மண்டபம் வேறு கதை. தரை டைல்ஸ், சுவர் வழுவழுப்பு, கூரை உயரம். கையைத் தட்டினாலே சத்தம் அடங்க நேரமாகும். கீபோர்டு கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு டோனிலும் ரிவெர்ப் என்கிற எதிரொலிப்பைத் தாராளமாக ஊற்றித்தான் அனுப்புகிறார்கள். கடையில் அழுத்திப் பார்க்கும்போது மனதை இழுக்க வேண்டுமே. அதை அப்படியே மண்டபத்தில் வாசித்தால் ஒரு கார்டு (சேர்த்துப் பிடிக்கிற சுரக்கூட்டு) இன்னொரு கார்டுக்குள் வழிந்து ஒன்றும் புரியாது. மண்டப வரிசையில் ரிவெர்பை ஏறக்குறைய முழுசாக அணைத்துவைத்திருக்கிறேன். கட்டிடமே தந்துவிடும்.

வீட்டில் டோன் செய்யும்போது நடக்கிற இன்னொரு தவறைச் சொல்ல வேண்டும். ராத்திரி பிள்ளைகள் தூங்கியபிறகு, சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு டோன் சரி செய்வோம். நம் காது குறைந்த சத்தத்தில் அடிக்குரலைச் சரியாகக் கேட்காது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். அடிக்குரல் போதவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போவோம். மறுநாள் மேடையில் பெரிய சத்தத்தில் அதே டோன் கொதித்து வழியும். பாடகருக்குத் தன் குரல் கேட்காது. இப்போதெல்லாம் புது டோன் செய்தால், பகல் நேரத்தில் ஒரு தடவையாவது மேடை அளவு சத்தத்தில் போட்டுக் கேட்காமல் கச்சேரிக்கு எடுத்துப்போவதில்லை.

வயர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

ஆரம்பத்தில் நான் செய்ததும் எல்லோரும் செய்ததுதான். கீபோர்டின் பின்னால் பி-38 ஜாக்கைச் சொருகி, பத்து மீட்டர் வயரைச் சவுண்ட் சர்வீஸ் பையனிடம் நீட்டிவிடுவேன். தாழையூத்துப் பக்கம் ஒரு கச்சேரியில் சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி மேடையேறி வந்தார். “தம்பி, உங்க லைன்ல மட்டும் ஒரே இரைச்சலா கெடக்கு. பாட்டு நிக்கும்போதெல்லாம் கொர்ருன்னு கேக்கு, பாத்துக்கிடுங்க” என்றார். நான் வயரை மாற்றினேன். போகவில்லை. கீபோர்டு சத்தத்தைக் குறைத்தேன். இரைச்சல் மட்டும் குறையாமல் அப்படியே நின்றது. பந்தலின் சீரியல் லைட் மினுங்குகிற தாளத்துக்கு அதுவும் ஏறி இறங்கியது. அண்ணாச்சி கடைசியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பக்கத்தில் இருந்த சுவிட்சைத் தள்ளினார். இரைச்சல் நின்றது. தண்ணீர்க் குழாயை மூடியதுபோல நின்றது.

அதுதான் டிஐ பாக்ஸ். அண்ணாச்சியிடமே விளக்கம் கேட்டேன். கீபோர்டிலிருந்து வரும் வயரில் ஒலியைச் சுமப்பது ஒரு கம்பி. சுற்றியிருக்கும் வலை எர்த். நீளம் கூடக்கூட வழியில் இருக்கிற கரண்ட் வயர், டிம்மர், மோட்டார் எல்லாவற்றின் இரைச்சலையும் அந்த ஒற்றைக் கம்பி வாங்கிக்கொள்ளும். டிஐ பாக்ஸ் அந்த ஒலியை இரண்டு கம்பிகளில் ஏற்றுகிறது, ஒன்றில் நேராக, மற்றொன்றில் தலைகீழாக. வழியில் ஏறுகிற இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோலவே ஏறும். மிக்சர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் இரைச்சலோடு கழிந்துபோகும். ஒலி மட்டும் மிஞ்சும். அவர் தள்ளிய சுவிட்ச் இன்னொரு வேலைக்கு. மேடைப் பிளக்கில் ஓர் எர்த், மிக்சர் பிளக்கில் ஓர் எர்த், இரண்டுக்கும் நடுவில் என் வயரின் வலை. இப்படி ஒரு வளையம் உண்டானால் அதில் கரண்ட் சுற்றி வரும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; அதுவும் அதன் மடங்குகளும்தான் அந்தக் கொர்ர். டிஐ பாக்ஸின் சுவிட்ச் ஒலி வயரில் இருக்கும் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கிறது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் ஒலி தடையில்லாமல் போகும், கண்டென்சர் மைக்குக்காக மிக்சர் அனுப்புகிற 48 வோல்ட்டும் என் கீபோர்டுக்குள் ஏறாது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இரைச்சல் போகட்டும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இரைச்சல் போகும், உண்மை. கூடவே உயிருக்கான காவலும் போய்விடும். மைக்கை உதட்டருகே கொண்டுபோன பாடகர் ஒருவர் ஷாக் அடித்துப் பின்னால் விழுந்ததை நான் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை பெய்து மேடை நனைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. கரண்ட் பிளக்கின் எர்த்தைத் தொடவே தொடாதீர்கள். துண்டிக்க வேண்டியது ஒலி வயரில், டிஐ பாக்ஸில்.

மறுமாதச் சம்பளத்தில் இரண்டு டிஐ பாக்ஸ் வாங்கினேன். வயர்களை நானே பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். ஜாக்குக்குள் கம்பி இழுபடாமல் கிளிப்பை நன்றாக மடக்கி அமுக்கினால் போதும், வருடக்கணக்கில் வரும். முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல் வட்டமாக மடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு ஏன் என்றால், இடது வலது. இதிலும் ஒரு பாடம் உண்டு. தூத்துக்குடியில் ஒரு வரவேற்பு. எலக்ட்ரிக் பியானோ டோனில் மெதுவான ஒரு பாட்டு வாசிக்கிறேன். மேடையில் எனக்குக் கேட்பதற்காக வைத்த மானிட்டர் பாக்ஸில் அழகாகக் கேட்கிறது. ஆனால் கீழே நின்ற எங்கள் கிட்டார்காரர் கையால் சைகை காட்டுகிறார்: வருது, போகுது, வருது, போகுது. பிறகுதான் தெரிந்தது. நான் இடது, வலது இரண்டையும் கொடுத்திருக்கிறேன். மிக்சரில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அந்த டோனோ இடத்துக்கும் வலத்துக்குமாக ஊஞ்சல் ஆடுகிற டோன். ஊஞ்சல் ஒரு பக்கம் வரும்போது மட்டும் மண்டபத்துக்குக் கேட்டிருக்கிறது. கீபோர்டுகளில் இடது ஜாக்குக்குப் பக்கத்தில் ‘மோனோ’ என்று போட்டிருப்பது இதற்காகத்தான். அதில் மட்டும் சொருகினால் இரண்டு பக்கத்தையும் கீபோர்டே சேர்த்துத் தந்துவிடும். இப்போது போனதும் கேட்கிற முதல் கேள்வி, “அண்ணாச்சி, ஸ்டீரியோவா மோனோவா?” மோனோ என்றால் ஊஞ்சல் ஆடுகிற டோனை நிறுத்திவைத்துவிடுவேன்.

எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்று தம்பிகள் கேட்கிறார்கள். ஒலியின் தரத்தில் இன்றைக்கு எதுவும் மோசமில்லை. 61 கட்டையும் 4 கிலோ எடையும் உள்ள ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு டூவீலரில் போய் வாசித்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. யமஹா பிஎஸ்ஆர்-ஐ வரிசையை இந்தியாவுக்கென்றே தபேலா, தம்பூராவோடு செய்தது. ஒர்க்ஸ்டேஷன் வாங்க வசதி இருந்தால் வாங்கலாம். ஆனால் நான் பார்க்கச் சொல்வது நான்கே விஷயம்தான். சுவிட்ச் போட்டதும் எத்தனை நொடியில் தயாராகிறது? ஒரு டோன் ஒலிக்கும்போதே அடுத்த டோனுக்கு மாறினால் முதல் டோன் அறுந்துபோகிறதா? வெயிலில் திரை தெரிகிறதா? பிட்ச் பெண்ட், அதாவது சுரத்தை வளைக்கிற சக்கரமோ நெம்போ, கைக்கு எப்படி இருக்கிறது?

கடைசிக் கேள்விதான் எனக்கு உயிர்.

1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர ஆரம்பித்தது. சொல்லப்பட்ட குறைகளில் முக்கியமானது, அதன் சுரங்கள் கட்டைக்குக் கட்டை தனித்தனியாக நிற்கின்றன, நடுவில் வழுக்கிப் போக வழியில்லை என்பது. நம் இசையில் உயிரே அந்த நடுவில்தான் இருக்கிறது. ஆர்மோனியத்தில் ஐந்து வருடம் வாசித்தவன் என்ற முறையில் அந்தக் குறை உண்மை என்று எனக்குத் தெரியும். கீபோர்டு கைக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த பெரிய பரிசு ஆயிரம் டோன் அல்ல, இடது ஓரத்தில் இருந்த அந்தச் சக்கரம். மின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மிடி முறையில் பெண்டுக்கு 16,384 படிகள் வைத்திருக்கிறார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லாமல் இருந்த இடம் அது. கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்கிற சத்யநாராயணன் போன்றவர்கள் அந்த இடத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டியிருக்கிறார்கள்.

நான் சினிமாப் பாட்டு வாசிப்பவன். இருந்தாலும் ஒரு பாட்டின் இடையிசையில் எட்டு எண்ணிக்கைக்கு நாதஸ்வரம் வரும் என்றால், அந்த எட்டையும் வீட்டில் இருநூறு தடவை வாசித்துவிட்டுத்தான் போவேன். வலது கை சுரத்துக்கு, இடது கை பெண்டுக்கு. பெண்ட் அளவு இரண்டு அரைச்சுரம். கீழிருந்து ஏறி வருகிற சுரத்துக்கு முதலில் சக்கரத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு கட்டையை அழுத்த வேண்டும், அதன்பின் சக்கரத்தை மெதுவாக விட வேண்டும். அழுத்திய பிறகு இழுத்தால் சுரம் முதலில் நேராகக் கேட்டுவிட்டு வழுக்கும். நாதஸ்வரம் அப்படி வாசிக்காது. விடும்போது சட்டென்று விட்டால் ஸ்பிரிங் இழுத்துச் சொடுக்கும். கட்டைவிரலால் தாங்கியபடியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யமஹாவில் சக்கரம், ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளுகிற நெம்பு, கோர்க்கில் ஜாய்ஸ்டிக். நெம்பில் பழகிய எனக்கு ஆட்டம் வேகமாக வரும், நீண்ட இழைப்பு சக்கரத்தில்தான் நன்றாக வரும். கையைத்தான் கேட்க வேண்டும், விலையை அல்ல.

இதில் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. நாதஸ்வரத்துக்கு அடியில் ஸ்டிரிங்ஸையும் லேயராக வைத்திருந்தால் பெண்ட் இரண்டையும் சேர்த்தே வளைக்கும். பின்னணி முழுக்கச் சரிந்து எழும். கேட்பவருக்குத் தலை சுற்றும். ஸ்டிரிங்ஸ் பகுதிக்கு மட்டும் பெண்ட் அளவைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். பெரும்பாலான மேடைக் கீபோர்டுகளில் அதற்கு இடம் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

பாடகர்களின் சுருதிக்கு வருவோம். “அண்ணே, தொண்டை சரியில்ல, அரைக் கட்டை இறக்கிக்கிடலாமா?” என்று பாட்டு தொடங்குவதற்குப் பத்து நொடி முன்னால் கேட்பார்கள். ஒரு கட்டை என்றால் சி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். ஆர்மோனியக் கட்டையை வைத்தே எண்ணிய கணக்கு அது. சுருதியை மாற்றுகிற ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினால் முடிந்துவிடும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. இரண்டு கீபோர்டு இருந்தால் ஒன்றில் தட்டி மற்றொன்றில் மறக்கும். அடுத்த பாட்டுக்கு மீட்க மறக்கும். பேஸ் கிட்டார்காரர் என் விரலைப் பார்த்து கார்டு எடுப்பவர். நான் தட்டியிருந்தால் என் விரல் அவருக்குப் பொய் சொல்லும். அதனால் எல்லாச் சுருதியிலும் விரலாலேயே வாசிக்கப் பழகினேன். பெண்டோடு வருகிற பாட்டுக்கு மட்டும் பட்டன். அதைத் தொட்டால் சத்தமாக “பட்டன்ல இருக்கேன்” என்று பக்கத்தில் சொல்லிவிடுவேன்.

ரிதம் பகுதியை நான் தொடுவதில்லை. என் கீபோர்டில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, பென் டிரைவில் மைனஸ் ஒன் டிராக்கும் (குரல் இல்லாத பின்னணி இசை) கிடைக்கிறது. தபேலாவும், குச்சியால் தட்டி வாசிக்கிற மின் தாளக் கருவியான ஆக்டோபேடும் மேடையில் இருக்கும்போது கீபோர்டிலிருந்து தாளம் ஓடுவது எனக்குச் சம்மதமில்லை. அடுத்த சீசனில் கமிட்டிக்காரர்கள் “அவர் இல்லாமலே முடியும்போல இருக்கே” என்று கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். நாங்குநேரி இருட்டில் பாட்டைக் கீழே விழாமல் தாங்கியது யார் என்று எனக்குத் தெரியும்.

முன்பெல்லாம் கச்சேரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தபின், திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருடத்தில் 15 நாள் வரை அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். விதி சரிதான், படிக்கிற பிள்ளைகளும் நோயாளிகளும் இருக்கிற தெரு அது. ஆனால் கூட்டம் சேர எட்டு மணி, பொன்னாடை போர்த்த அரைமணி, மீதியில் கச்சேரி என்று ஆனதில் முதலில் பலியானது சவுண்ட் செக். அதனால் நான் நாலு மணிக்கே போய்விடுகிறேன். பந்தல்காரர் கயிறு கட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அண்ணாச்சிக்கு நான் செய்து காட்டுவது ஒன்றுதான்: என் டோன்களில் மிகச் சத்தமானதையும் மிக மெல்லியதையும் வாசிப்பேன். வீட்டிலேயே எல்லா டோனின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்திருப்பேன். “இதுக்கு மேல வராது அண்ணாச்சி, இதுக்குக் கீழ போகாது” என்று சொல்லிவிட்டால், அவர் கெயினை, அதாவது மிக்சர் என் ஒலியை உள்ளே எடுக்கும் அளவை, ஒரு தடவை வைத்துவிட்டு என்னை மறந்துவிடலாம். வாசிக்கும்போது ஏற்ற இறக்கம் என் காலடிப் பெடலில்.

மானிட்டர் விஷயத்தில் அவரிடம் கேட்பது ஒன்று. எனக்கென்று ஓர் எட்டடிக்குள் சின்னப் பாக்ஸ். சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிசெகண்ட் ஆகும். பத்து மீட்டர் தள்ளியிருக்கிற பாக்ஸைக் கேட்டு வாசித்தால் முப்பது மில்லிசெகண்ட் தாமதம். கை கனத்துப்போனதுபோல இருக்கும், தாளம் பின்னால் இழுக்கும். கிட்டத்தில் பாக்ஸ் இருந்தால் சத்தமும் குறைவாக வைக்கலாம். 85 டெசிபலில் எட்டு மணிநேரம் தாங்குகிற காதுக்கு 100 டெசிபலில் கால் மணிநேரம்தான் கணக்கு. வலது காதுப் பக்கம் சிம்பல் இருக்கிற நாட்களில் பஞ்சு அல்ல, சரியான காதடைப்பான் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தபின் காதில் அந்த ‘ஙொய்’ சத்தம் இப்போது இல்லை.

போன பங்குனியில் வள்ளியூர்ப் பக்கம் ஒரு கொடை. தாழையூத்தில் இரும்புப் பெட்டி கொண்டுவந்த அதே அண்ணாச்சிதான் சவுண்ட். தலை முழுக்க நரைத்துவிட்டது. டிஜிட்டல் மிக்சர் வாங்கியிருக்கிறார், ஆனால் குழாயை விடவில்லை. நாலு மணிக்கு என் இரண்டு டோனையும் வாசித்துக் காட்டினேன். “நாதஸ்வரப் பாட்டு உண்டா?” என்று கேட்டார். “ஒன்பதாவது பாட்டு” என்றேன். தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

ஒன்பதாவது பாட்டில் பல்லவி முடிந்தது. சக்கரத்தைக் கீழே இழுத்துப் பிடித்தேன், கட்டையை அழுத்தினேன், கட்டைவிரலால் தாங்கி மெதுவாக விட்டேன். சுரம் ஏறி வந்து உட்கார்ந்த அதே இடத்தில் தெருக் குழாய்களில் நாதஸ்வரம் ஒரு விரல்கடை உயர்ந்தது. பெடலில் என் கால் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி மிக்சரைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, என் சேனலில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டாவது எண்ணிக்கையில் நான் இறங்க, அந்த விரலும் இறங்கியது.